பேஸிலிருந்து ரோவருக்கு: என்ட்ரிப் ஸ்ட்ரீம் அமைப்பது எப்படி?

வெட்டவெளியில் நின்றாலும் ஃபோன் ஜிபிஎஸ் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளித்தான் இருக்கும். வழி தேட அது போதும். எல்லைக்கல் தேட உதவாது. ஆர்டிகே (ரியல் டைம் கினமேட்டிக்) முறையில் அதே செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு ஓரிரு சென்டிமீட்டருக்குள் வந்துவிடலாம். இடம் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு ரிசீவர் அசையாமல் நிற்கும், அது பேஸ். தனக்கு வரும் சிக்னல்களின் அளவீடுகளை அது நொடிக்கொரு முறை அனுப்பிக்கொண்டே இருக்கும். நாம் கையில் எடுத்துப்போகும் ரிசீவர், அதாவது ரோவர், அவற்றைத் தன் அளவீடுகளோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் பொதுவான பிழைகளைக் கழித்துவிடும். முன்பெல்லாம் இந்தத் தரவை ரேடியோ கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது இணையம் கொண்டுபோகிறது. அந்த முறைக்குப் பெயர்தான் என்ட்ரிப்.

இங்கே சொல்லப்போவது சொந்தமாக ஒரு பேஸ் வைத்து, அதன் தரவை இணையத்தில் ஏற்றி, ரோவரில் எடுத்துக்கொள்ளும் முழு வழி. கருவிக்கு யூ-பிளாக்ஸ் எஃப்9பி, மென்பொருளுக்கு ஆர்டிகேலிப் என்று வைத்துக்கொள்கிறேன். டோக்கியோ கடல்சார் பல்கலைக்கழகத்தில் இருந்த டொமோஜி தகாசு எழுதிய இலவசத் தொகுப்பு ஆர்டிகேலிப். மூல நிரலும் திறந்தே இருக்கிறது. வேறு ரிசீவர், வேறு மென்பொருள் என்றால் பொத்தான்கள் மாறும், வேலை மாறாது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பல இடங்களில் பச்சை விளக்கு எரியும். ஒவ்வொரு விளக்கும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் உறுதி செய்யும். பேஸ் கணினியில் பச்சை என்றால் பைட்டுகள் போகின்றன, அவ்வளவுதான். ரோவரில் ஃபிக்ஸ், அதாவது சென்டிமீட்டர் அளவில் இடம் உறுதியாயிற்று என்று காட்டினால், பேஸிலிருந்து ரோவர் இருக்கும் தூரமும் திசையும் சரி. பேஸே தன் இடத்தைத் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க எந்த விளக்கும் இல்லை. அதனால் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் இந்த வழிகாட்டியின் முறை.

யார் யாரோடு பேசுகிறார்கள்

என்ட்ரிப்பில் மூன்று பாத்திரங்கள். பேஸ் பக்கம் இருந்து தரவை மேலே ஏற்றும் நிரல் என்ட்ரிப் சர்வர். நடுவில் இருந்து எல்லாரிடமும் வாங்கிக் கேட்பவர்களுக்குக் கொடுப்பது காஸ்டர். ரோவர் பக்கம் இருந்து கேட்டு வாங்குவது என்ட்ரிப் கிளையன்ட். இங்கே புதியவர்கள் அநேகமாக எல்லாருமே குழம்புவார்கள்: நாம் வழக்கமாக சர்வர் என்று சொல்வது இங்கே காஸ்டர். உங்கள் மேசையில் இருக்கும் லேப்டாப்தான் என்ட்ரிப் சர்வர். மென்பொருளில் இந்த இரண்டு பெயர்களும் அருகருகே வரும். மாற்றிச் சொடுக்கிவிட்டு ஏன் இணைப்பு வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம்.

இந்த ஏற்பாடு இணைய வானொலியிலிருந்து வந்தது. ஜெர்மனியின் நிலவரைவியல் அமைப்பான பிகேஜி, ஐஸ்காஸ்ட் என்ற வானொலி மென்பொருளை எடுத்துப் பாட்டுக்குப் பதிலாகத் திருத்தத் தரவை அனுப்பும்படி மாற்றியது. 2004-ல், இத்தகைய தரவுக்குத் தரம் வகுக்கும் ஆர்டிசிஎம் அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. ஒவ்வொரு பேஸும் ஒரு வானொலி நிலையம் மாதிரி. அதன் பெயர் மவுண்ட் பாயின்ட். நிலையங்களின் பட்டியல் சோர்ஸ் டேபிள். வழக்கமான போர்ட் எண் 2101.

நேராக பேஸிலிருந்தே ரோவருக்கு அனுப்பினால் என்ன, நடுவில் காஸ்டர் எதற்கு என்று கேட்கலாம். நம் ஊர் மொபைல் இணைப்புகளிலும் பல வீட்டு இணைப்புகளிலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருப்பார்கள். காஸ்டர் இருந்தால் பேஸும் ரோவரும் இரண்டுமே வெளியே போய் அதைத் தொடர்பு கொள்கின்றன. யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

ஆன்டெனாவை எங்கே வைப்பது

சுருக்கமாக: வீட்டின் உயரமான இடத்தில், நாலாபக்கமும் வானம் தெரிய, தண்ணீர்த் தொட்டியும் கைப்பிடிச் சுவரும் மறைக்காமல், அசையாத ஒரு இரும்புக் குழாயில். சிறிய காந்த ஆன்டெனாவாக இருந்தால் அடியில் ஒரு சாண் அகலமாவது உள்ள உலோகத் தகடு வையுங்கள். காற்றில் ஆடும் குழாய், வெயிலில் நெளியும் தகரக் கூரை இரண்டும் ஆகாது. கேபிள் நீளத்தில் கஞ்சத்தனம் பார்த்து ஆன்டெனாவைத் தாழ்வாக வைத்துவிடாதீர்கள்.

பேஸின் இடம்: நேரம் செலவிட வேண்டிய படி

பேஸ் எங்கே இருக்கிறது என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி சர்வே-இன்: ரிசீவரே சில நிமிடங்கள் சராசரி எடுத்துத் தன் இடத்தை முடிவு செய்துகொள்ளும். எளிது, ஆனால் அந்தச் சராசரியில் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ பிழை இருக்கலாம். அதைவிடப் பெரிய தொல்லை, மின்சாரம் போய் வந்து மறுபடி சர்வே-இன் ஓடினால் வேறு ஓர் இடத்தைச் சொல்லும். நேற்று ஃபிக்ஸ் எடுத்து நட்ட கல்லும் இன்று ஃபிக்ஸ் எடுத்து நட்ட கல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டு நாளும் ரோவரில் பச்சைதான் எரிந்திருக்கும். ஒரே நாளில் ஒரு வயலுக்குள் முடிந்துவிடும் வேலைக்கு சர்வே-இன் பரவாயில்லை. மற்றபடி அதை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டாம் வழி, இடத்தை ஒரே முறை நன்றாகக் கண்டுபிடித்து நிலையாகப் பதிந்துவிடுவது. அதற்கு ரிசீவரின் மூல அளவீடுகளை ஒரு முழு நாள் கோப்பில் சேமியுங்கள். எஃப்9பி-யில் ராக்ஸ், எஸ்எஃப்ஆர்பிஎக்ஸ் என்ற இரண்டு செய்திகளை இயக்கினால் போதும். ஆர்டிகேலிப்பில் உள்ள ஆர்டிகேகான்வ் நிரல் அந்தக் கோப்பை ரைனெக்ஸ் என்ற பொது வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். கனடா அரசின் சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி சேவையில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி அந்தக் கோப்பை ஏற்றினால், ஆன்டெனாவின் இடத்தைக் கணக்கிட்ட முடிவு மின்னஞ்சலில் வந்து சேரும். இரண்டு வாரம் பொறுத்து ஏற்றினால் செயற்கைக்கோள் சுற்றுப்பாதைகளின் இறுதித் தரவோடு கணக்குப் போட்டுத் தரும். அவசரம் என்றால் மறுநாளே ஏற்றுங்கள், வேலைக்குப் போதும்.

வந்த முடிவில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அது எந்த ஐடிஆர்எஃப் சட்டகத்தில் (உலகம் முழுவதற்குமான ஆயச் சட்டகம், அவ்வப்போது புதுப்பிக்கப்படுவது), எந்தத் தேதிக்கு என்பது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. நான்கைந்து ஆண்டுக்கு முன் எடுத்த எண்ணை இன்றைய எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் கால் மீட்டர் வரை வித்தியாசம் தெரியும். அது கருவியின் பிழை இல்லை. தேதியை எண்ணோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

இன்னொன்று உயரம். நம் பக்கத்துக்காரர்களைத் தனியாகக் குழப்பும் விஷயம் இது. ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம் கடல் மட்டத்திலிருந்து இல்லை. பூமியை ஒரு நீள்வட்டக் கோளமாக வைத்து அதன் பரப்பிலிருந்து கணக்கிடுகிறது. உலகிலேயே இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் நீள்வட்டப் பரப்புக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதன் தாக்கம் தமிழ்நாடு, இலங்கை முழுக்கத் தெரியும். சென்னையில் மொட்டைமாடியில் வைத்த ஆன்டெனாவின் உயரம் மைனஸ் எழுபது, எண்பது என்று வந்தால் பதற வேண்டாம், அது சரிதான். ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: 'மைனஸ் எப்படி வரும்?' என்று நினைத்து, கூகுள் வரைபடத்தில் பார்த்த கடல் மட்ட உயரத்தை பேஸில் போட்டுவிடுவது. அப்போது பேஸ் தன்னைத் தொண்ணூறு மீட்டர் ஆகாயத்தில் இருப்பதாகச் சொல்லும். ரோவர் ஃபிக்ஸ் ஆவதே சிரமம் ஆகலாம், ஃபிக்ஸ் ஆனாலும் உயரம் எல்லாம் பாழ். பேஸில் போட வேண்டியது நீள்வட்ட உயரம், அதுவும் மைனஸ் குறியோடு.

ரிசீவருக்குச் சொல்ல வேண்டியவை

யூ-சென்டர் மென்பொருளைத் திறந்து எஃப்9பி-யை யுஎஸ்பியில் இணையுங்கள். மெசேஜஸ் வியூ சன்னலில் யுபிஎக்ஸ், அதற்குள் சிஎஃப்ஜி என்ற கிளையில் நமக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது.

டிமோட்3 என்ற பக்கத்தில் முறையை 'ஃபிக்ஸ்டு' என்று மாற்றி, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் பதியுங்கள். அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் தசமத்துக்குப் பின் குறைந்தது எட்டு இலக்கங்கள் இருக்கட்டும். ஐந்தாம் இலக்கத்தில் நிறுத்தினாலே ஒரு மீட்டர் வரை போய்விடும். அனுப்பியதும் யூ-சென்டரில் ஃபிக்ஸ் வகை 'டைம்' என்று மாறும். மாறாவிட்டால் நீங்கள் கொடுத்த இடத்தை ரிசீவர் ஏற்கவில்லை, மேலே போகாதீர்கள்.

அடுத்து ஆர்டிசிஎம் செய்திகள், அதாவது பேஸ் ரோவருக்கு அனுப்பும் தரவு. ஆர்டிசிஎம் 3 வடிவத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. 1005 என்பது பேஸின் இடம். 1074 ஜிபிஎஸ் அளவீடுகள், 1084 ரஷ்யாவின் குளோனாஸ், 1094 ஐரோப்பாவின் கலிலியோ, 1124 சீனாவின் பெய்டூ. இவற்றை எல்லாம் நொடிக்கு ஒன்று என்று வையுங்கள். 1005-ஐ ஐந்து நொடிக்கொருமுறை அனுப்பினாலும் போதும், இடம் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. 1230 என்பது குளோனாஸ் சிக்னல்களுக்கான ஒரு திருத்தம்; இதுவும் ஐந்து பத்து நொடிக்கொருமுறை. இதை மறந்துவிட்டால் குளோனாஸை ரோவர் சரியாகப் பயன்படுத்த முடியாது. 1077, 1087 என்று ஏழில் முடியும் செய்திகளையும் பார்ப்பீர்கள். அவை அதே அளவீடுகளைக் கூடுதல் நுணுக்கத்தோடு தருபவை, தரவும் கூடுதலாகப் போகும். சாதாரண வேலைக்கு நான்கில் முடிபவை போதும்.

எம்எஸ்ஜி பக்கத்தில் ஒவ்வொரு செய்தியையும் எந்த வாசல் வழியே அனுப்புவது என்று தேர்வு செய்ய வேண்டும். லேப்டாப்போடு யுஎஸ்பியில் பேசுவதால் யுஎஸ்பி என்ற பெட்டியைக் குறியுங்கள். பிஆர்டி பக்கத்தில் யுஎஸ்பி வாசலின் வெளியீட்டில் ஆர்டிசிஎம்3 இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிசீவர் தன் இடத்தைச் சொல்லும் என்எம்இஏ செய்திகள் அந்த வாசலில் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். ரோவருக்கு அவை குப்பை. கடைசியாக ரிசீவர் மெனுவில் 'சேவ் கான்ஃபிக்'. இதைச் செய்யாமல் கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடும்.

பிறகு யூ-சென்டரை மூடுங்கள். குறைந்தபட்சம் இணைப்பையாவது துண்டியுங்கள். ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். அடுத்த படியில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மேலே ஏற்றுவது

காஸ்டர் ஒன்று வேண்டும். பழகுவதற்கு ஆர்டிகே-டூ-கோ என்ற இலவசப் பொதுக் காஸ்டர் இருக்கிறது. மவுண்ட் பாயின்ட் பெயரைப் பதிவு செய்தால் கடவுச்சொல் தருவார்கள். அதில் ஏற்றும் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதைத் தெரிந்துகொண்டே ஏற்றுங்கள். தனிப்பட்ட வேலைக்கு, வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய கிளவுட் கணினியில் சொந்தக் காஸ்டர் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கு ஸ்னிப் என்ற மென்பொருள் இருக்கிறது, ஆர்டிகேலிப் 2.4.3 பதிப்பிலேயே எளிய காஸ்டர் ஒன்று உண்டு.

இதில் ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. 2021 பிப்ரவரி 15 அன்று இந்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டு நெறிகள், கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர் என்ற எல்லையை விட நுணுக்கமான தரவை இந்திய நிறுவனங்களும் இந்தியர்களும் மட்டுமே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம், அது இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்கின்றன. தொழிலாகச் செய்பவர்கள் காஸ்டரையும் அளவைக் கோப்புகளையும் இந்தியாவில் உள்ள கணினியில் வைப்பதே தொல்லை இல்லாதது.

இப்போது ஆர்டிகேலிப்பில் எஸ்டிஆர்எஸ்விஆர் என்ற நிரலைத் திறங்கள். மேல் வரிசை இன்புட், கீழே சில அவுட்புட் வரிசைகள். இன்புட்டில் வகையை 'சீரியல்' என்று தேர்ந்து, பக்கத்துப் பொத்தானை அழுத்தி எஃப்9பி-யின் காம் எண்ணைக் கொடுங்கள். யுஎஸ்பி வழி என்றால் பாட் வேகம் எதுவானாலும் ஓடும். யுஆர்ட் என்ற சீரியல் முனை வழி என்றால் ரிசீவரில் உள்ள வேகமும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். எஃப்9பி-யில் அது தொடக்கத்தில் 38400.

முதல் அவுட்புட்டில் உடனே காஸ்டர் முகவரியைப் போட்டுவிடாதீர்கள். வகையை 'ஃபைல்' என்று வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வலப்பக்கம் பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை பிட்) என்ற நெடுவரிசையில் நான்காயிரம் முதல் ஏழாயிரம் வரை ஓடினால் நான்கு அமைப்புகளும் சரியாக வருகின்றன. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று எம்பிதான், டேட்டா பேக் பற்றிக் கவலையே வேண்டாம். சில நூறுகள்தான் வருகிறதென்றால் ஏதோ செய்திகள் இயங்கவில்லை. இருபதாயிரம், முப்பதாயிரம் என்றால் என்எம்இஏவோ மூல அளவீடுகளோ கலந்து வருகின்றன. முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

2.4.3 பதிப்பில் ஸ்ட்ரீம் மானிட்டர் என்ற சன்னலும் உண்டு. அதில் வடிவத்தை ஆர்டிசிஎம்3 என்று வைத்தால் எந்தெந்த எண்ணுள்ள செய்தி வருகிறது என்று வரி வரியாகப் படிக்கலாம். 1005 வருகிறதா? இதை மட்டும் கண்ணால் பார்க்காமல் நகராதீர்கள். எஃப்9பி, இடம் உறுதியாகாதவரை 1005-ஐ அனுப்பாது. மற்ற செய்திகள் எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருக்கும், ரோவர் மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும்.

சரி, இப்போது அவுட்புட் வகையை 'என்ட்ரிப் சர்வர்' என்று மாற்றுங்கள். காஸ்டர் முகவரி, போர்ட் 2101, மவுண்ட் பாயின்ட், கடவுச்சொல். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி எதுவும் சேர்க்கக் கூடாது. மவுண்ட் பாயின்ட்டில் இடைவெளி கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் முக்கியம். முதல் பதிப்பு என்ட்ரிப்பில் ஏற்றும் பக்கத்துக்குப் பயனர் பெயர் கிடையாது, கடவுச்சொல் மட்டும்தான். அந்தக் கடவுச்சொல் எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் திறந்தபடி போகும் என்பதால் உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை இங்கே கொடுக்காதீர்கள். 'கன்வெர்ஷன்' பெட்டியைத் தொட வேண்டாம். ரிசீவரே ஆர்டிசிஎம் தருகிறது. இரண்டாம் அவுட்புட்டில் ஃபைல் இருக்கட்டும், பின்னால் ஏதாவது தகராறு வந்தால் அந்தக் கோப்புதான் சாட்சி.

ஸ்டார்ட் அழுத்துங்கள். விளக்கு ஆரஞ்சு என்றால் இணைப்புக்குக் காத்திருக்கிறது, பச்சை என்றால் இணைந்தது, சிவப்பு என்றால் பிழை. ஆரஞ்சிலேயே வெகுநேரம் நின்றால் முகவரியோ போர்ட்டோ தவறு, அல்லது நீங்கள் இருக்கும் அலுவலக வலையமைப்பு 2101-ஐ அடைத்திருக்கிறது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்றால் எது என்று தெரிந்துவிடும்.

ரோவருக்குப் போகும் முன்

வயலுக்கு ஓடாதீர்கள். மேசையிலேயே எஸ்டிஆர்எஸ்விஆரை இன்னொரு சன்னலில் திறந்து, இன்புட்டை 'என்ட்ரிப் கிளையன்ட்' ஆக வைத்து, சற்று முன் ஏற்றிய அதே மவுண்ட் பாயின்ட்டை எடுத்துப் பாருங்கள். பட்டியலைக் கேட்கும் பொத்தானை அழுத்தினால் சோர்ஸ் டேபிள் வரும். அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஏற்றும் பக்கம் ஓடும் அதே பிபிஎஸ் இந்தப் பக்கமும் ஓட வேண்டும், மானிட்டரில் அதே எண்கள் வர வேண்டும். இங்கே சரியாக வந்தால் இனி ரோவரில் வரும் எந்தச் சிக்கலும் ரோவர் பக்கத்துச் சிக்கல்தான் என்று துணிந்து சொல்லலாம்.

ரோவர் பக்கம்

ரோவரும் எஃப்9பி என்றால் ஆண்ட்ராய்டு ஃபோனில் லெஃபெப்யூர் என்ட்ரிப் கிளையன்ட், எஸ்டபிள்யூ மேப்ஸ் இரண்டில் ஒன்று போதும். பின்னது நேபாளத்தில் உருவானது. புள்ளிகளைப் பதிவதற்கும் வசதி இருப்பதால் நான் அதையே சொல்வேன். ரிசீவரை புளூடூத்திலோ ஓடிஜி கேபிளிலோ இணைத்துவிட்டு, என்ட்ரிப் அமைப்பில் காஸ்டர் முகவரி, போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல், மவுண்ட் பாயின்ட் கொடுங்கள். ஆர்டிகே-டூ-கோவில் பயனர் பெயராக உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

'ஜிஜிஏ அனுப்பு' என்று ஒரு தேர்வு இருக்கும். ரோவர் தான் நிற்கும் இடத்தைக் காஸ்டருக்குச் சொல்வதுதான் அது. ஒற்றை பேஸுக்கு அது தேவையில்லை. ஆனால் பல நிலையங்களைச் சேர்த்து, நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு கற்பனை பேஸை உருவாக்கித் தரும் விஆர்எஸ் சேவைகளில் அது கட்டாயம். இந்திய சர்வே துறை நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களோடு நடத்தும் கார்ஸ் வலையமைப்பில் பதிவு செய்து பயன்படுத்தப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிஜிஏ போகாவிட்டால் 'இணைந்தது' என்று காட்டும், ஒரு பைட் கூட வராது. சோர்ஸ் டேபிளில் அந்த மவுண்ட் பாயின்ட்டுக்கு என்எம்இஏ என்ற இடத்தில் 1 இருந்தால் ஜிஜிஏ கேட்கிறது என்று பொருள்.

திரையில் இரண்டு எண்களைப் பாருங்கள். நிலை 1 என்றால் சாதாரண ஜிபிஎஸ், 5 ஃப்ளோட் (இன்னும் ஃபிக்ஸ் ஆகாத இடைநிலை), 4 ஃபிக்ஸ். அப்புறம் 'ஏஜ்': கடைசித் திருத்தம் வந்து எத்தனை நொடி ஆயிற்று என்பது. ஒன்று இரண்டு என்றால் நல்லது. பத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் ஃபோனில் நெட் விட்டுப் போயிருக்கிறது. திரையில் ஃபிக்ஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்தில் புள்ளி எடுக்காதீர்கள்.

முதல் நாள் ஒரு சோதனை: தரையில் ஒரு ஆணி அடித்து அதன் மேல் ஃபிக்ஸ் எடுங்கள். ரோவரை அணைத்து, மறுபடி இயக்கி, அதே ஆணியில் மீண்டும் எடுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் பொருந்த வேண்டும். பிறகு பத்து மீட்டர் டேப் பிடித்து இன்னொரு ஆணி அடித்து இடைவெளியை ஒப்பிடுங்கள். இவை சரியாக வந்தால் ஸ்ட்ரீம் சரி. பேஸின் இடம் சரியா என்பதற்கு இந்தச் சோதனை பதில் சொல்லாது. அதற்கு முன்பே அளவை செய்து எண் தெரிந்த கட்டுப்பாட்டுப் புள்ளி ஒன்றின் மேல் ரோவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

சிக்கினால் எங்கே பார்ப்பது

401 என்று வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. இணைந்து இணைந்து உடனே அறுந்தால் மவுண்ட் பாயின்ட் பெயரில் எழுத்துப்பிழை இருக்கும். பல காஸ்டர்கள் தெரியாத பெயரைக் கேட்டால் தரவுக்குப் பதிலாகப் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடும். பேஸ் ஓடாதபோதும் இதே மாதிரி நடக்கும். தவறான அமைப்போடு நொடிக்கு ஒருமுறை மோதிக்கொண்டே இருந்தால் பொதுக் காஸ்டர்கள் உங்கள் ஐபியைத் தடை செய்துவிடும். அதனால் மறு இணைப்பு இடைவெளியைப் பத்து நொடிக்குக் குறையாமல் வையுங்கள்.

தரவு வருகிறது, ஆனால் ஃப்ளோட்டிலேயே நிற்கிறது என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். மரத்தடியிலோ சுவர் ஓரத்திலோ நிற்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து பேஸிலிருந்து தூரம்: பத்து கிலோமீட்டருக்குள் சுகமாக இருக்கும், இருபதைத் தாண்டினால் ஃபிக்ஸ் தாமதமாகும். பேஸும் ரோவரும் இரண்டுமே இரட்டை அலைவரிசை ரிசீவர்களா என்றும் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சாயங்காலத்துக்கு மேல் மட்டும் ஃபிக்ஸ் விட்டு விட்டுப் போகிறதா? மென்பொருளை நோண்டாதீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கு முனைக்கு அருகே போகிறது. 1963-ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்த கேரளத்தின் தும்பாவை அதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பட்டையில் பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலம் கொந்தளிக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளிலும் நள்ளிரவு வரை சிக்னல் துள்ளிக்கொண்டே இருக்கும். பேஸ் பக்கத்திலேயே இருந்தாலும் தப்பிக்க முடியாத இரவுகள் உண்டு. முக்கியமான புள்ளிகளைக் காலையில் எடுத்துவிடுவதே வழி.

நிலையாக ஓட விடுவது

லேப்டாப் பழகுவதற்கு. மூடியை மூடினால் தூங்கும், நடுராத்திரியில் அப்டேட் போட்டு மறுதொடக்கம் ஆகும். நிரந்தர பேஸுக்கு ராஸ்பெரி பை என்ற சிறிய கணினி ஒன்றை வாங்கி, ஆர்டிகேலிப்பின் எஸ்டிஆர்2எஸ்டிஆர் என்ற கட்டளை வரி நிரலை அதில் ஓட விடுங்கள். எஸ்டிஆர்எஸ்விஆர் செய்யும் அதே வேலையைத் திரை இல்லாமல் செய்யும். கட்டளை எழுதத் தயங்குகிறவர்களுக்கு ஆர்டிகேபேஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. பிரான்சில் விவசாயிகளும் தன்னார்வலர்களும் சேர்ந்து கட்டிய சென்டிபீட் வலையமைப்பில் பல நிலையங்கள் இதில்தான் ஓடுகின்றன. உலாவியில் திறந்து, இதுவரை பார்த்த அதே கட்டங்களை நிரப்ப வேண்டியதுதான்.

மின்சாரம் வந்ததும் நிரல் தானாகத் தொடங்குகிறதா என்பதை நிஜமாகவே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். ரவுட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் சேர்த்து ஒரு சிறிய யுபிஎஸ் வையுங்கள். கரண்ட் போனால் பேஸ் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை. யுஎஸ்பி காம் எண் மறுதொடக்கத்தில் மாறலாம் என்பதால், லினக்ஸில் கருவியின் நிலையான பெயரைக் கொண்டு இணையுங்கள். கோப்புப் பதிவை நாளுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து, பழையதை அழிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். மெமரி கார்டு நிறைந்து பேஸ் நிற்பது பொதுவாக யாரோ வயலில் காத்திருக்கும்போதுதான் தெரியவரும். ஆன்டெனாவை யாராவது நகர்த்தினால், துணி காயப்போடக் கயிறு கட்டினால்கூட, இடத்தை முதலிலிருந்து கண்டுபிடித்துப் பதிய வேண்டும். குழாயில் ஒரு கோடு போட்டு வைத்தால் நகர்ந்ததா என்று பார்த்தவுடன் தெரியும்.